இரட்டை முடிச்சு

அரசு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்குப் 'புரட்டி அக்கா' என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது. வைத்தவருக்குக் கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது. வெளுத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்து வரும் படுக்கை விரிப்புகளை மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவளுக்கு முன்பிருந்த மேற்பார்வையாளரின் வழக்கம். இவள் அப்படியல்ல. அடுக்கின் நடுவில் கையை விட்டு ஒன்றை உருவுவாள். பிரித்து அடிப்பக்கத்தைப் புரட்டுவாள். கறை இருந்தால் அடுக்கு மொத்தமும் திரும்பிப் போகும்.

"அக்கா, மேல பளிச்சுனு தானே இருக்கு?" என்று சலவை ஆட்கள் கெஞ்சுவார்கள்.

"நோயாளி என்ன, மடிப்பு மேலயா படுக்கப்போறான்?"

பெரிய மனிதர்கள் யாராவது மருத்துவமனையைப் பார்வையிட வரும் நாளில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அன்றைக்கு அழுக்குத் துணிக்கூடைகளை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு, நடை முழுக்க எலுமிச்சை வாசனையைப் பீய்ச்சி அடிப்பார்கள். பிணவாடையைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அந்த எலுமிச்சை மூக்கில் ஏறினால்தான் குமட்டும். நல்ல வாசனை வந்தால் அடியில் ஏதோ நாறுகிறது என்று அர்த்தம் என்பது அவள் கட்சி.

இப்படியொரு புத்தி அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. அது வந்தபோது அவளுக்கு ஏழு வயது.

அப்பா ரயில்வே கேட்காரர். தண்டவாளத்தை ஒட்டி ஒற்றை அறை வீடு. அந்த வருடம் தலைநகரில் பெரிய அணிவகுப்பு. நாடு முழுக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைத் திரட்டிக் கொண்டுபோய், மைதானத்தில் தேசியக்கொடி வடிவத்தில் நிற்க வைத்து, மேடையில் இருக்கும் தலைவருக்குக் காட்டுவதாக ஏற்பாடு. பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை கேன்வாஸ் ஷூ கொடுத்திருந்தார்கள். தனி ரயில். ரயில் பெட்டிகளின் கதவுகளை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். பிள்ளைகள் தவறி விழுந்துவிடக் கூடாதாம். என்ன ஒரு அக்கறை! சாவிக்கொத்து கடைசிப் பெட்டியில் ஓர் அதிகாரியின் பையில் இருந்தது. மூன்றாவது பெட்டியில் தீப்பிடித்து, வண்டி கேட்டைத் தாண்டி நின்றபோது, அந்த அதிகாரிதான் முதலில் இறங்கி ஓடினார். பையும் அவரோடு ஓடியது.

அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு பெட்டியின் பூட்டை உடைத்தார். அதிலிருந்த பிள்ளைகள் குதித்துத் தப்பின. அடுத்த பெட்டியின் பூட்டைப் பிடித்தபோது அவர் உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. அவள் கேட் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றாள். உள்ளேயிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. பிறகு வரவில்லை. அந்த 'பிறகு'தான் அவள் வாழ்க்கை முழுவதும்.

மதியம் கார் போட்டுக்கொண்டு ஒரு புகைப்படக்காரர் வந்தார். எரிந்த பெட்டிகளைப் படம் எடுத்தார். திருப்தி இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். கசங்கிய கவுனும் வெறுங்காலுமாக நின்ற இவள் கண்ணில் பட்டாள். தண்டவாளத்தோரம் குவித்து வைத்திருந்த பொருட்களில் குனிந்து தேடி, பாதி கருகிய ஒரு ஷூவை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார். இடதுகால் ஷூ. லேஸ் இரட்டை முடிச்சாகப் போட்டபடியே இருந்தது.

"பாப்பா, இதை நெஞ்சுக்கு நேரா பிடிச்சுக்கோ. முகத்தைத் தூக்கு. அழாதே, அழுதா முகம் கெட்டுப்போயிடும்."

ஷூ இன்னும் சூடாக இருந்தது. அவள் முகத்தைத் தூக்கினாள்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம். தோழனின் ஷூவைத் தானே தேடி எடுத்த பிஞ்சு என்று கீழே எழுதியிருந்தது. பிறகு தபால்தலை, காலண்டர், பாடப்புத்தக அட்டை. நாடு அவளை 'ஷூ பாப்பா' என்று கூப்பிட்டுத் தேம்பித் தேம்பி அழுதது. பூட்டைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டிய வாயெல்லாம் பாப்பாவைப் பார்த்து 'ச்சோ ச்சோ' கொட்டின. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்களே, அதை ஓர் அரசாங்கம் எப்படிச் செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் அந்தத் தபால்தலையைப் பார்த்தால் போதும்.

ஒரு வாரம் கழித்து, கோப்பும் கையுமாக வேறோர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். "யார் கேட்டாலும் நானே எடுத்தேன்னு சொல்லணும், சரியா? இல்லைன்னா உங்கப்பா கேட்டை விட்டுட்டு ஓடினது பத்தி விசாரிக்க வேண்டியிருக்கும்" என்றார். அப்பா கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அந்த அதிகாரிக்குப் பின்னாலேயே ஓர் அம்மாள் வந்தாள். பத்திரிகைப் படத்தை நீட்டி, அந்த முடிச்சு தான் போட்டது என்றாள். ஒன்பது வயதுப் பையன். உடல் அடையாளம் தெரியவில்லை.

"நீ அவனைப் பார்த்தியா கண்ணு? வலியில்லாம இருந்தானா?"

ஏழு வயதுக்காரி அதிகாரியைப் பார்த்தாள், அப்பாவின் கையைப் பார்த்தாள். "தூங்கிட்டு இருந்தான்" என்றாள். அதிகாரி எழுதிக்கொண்டார். அந்த அம்மாள் அவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அடுத்த மாதமே அப்பாவைக் கண்காணாத இடத்துக்கு மாற்றினார்கள், கேட்டை விட்டு ஓடியதற்காக.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் நினைவு நாள் வந்தது. பூட்டுப் போட்டவர்களின் வாரிசுகள் மேடையேறிக் கண்ணைத் துடைத்தார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். அவள் கீழே பிடித்து வைத்த பொம்மையாக உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் அந்த அம்மாள். வருடந்தோறும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தைதான். "எம் பையனைக் கடைசியா பார்த்த கண்ணு." அந்தக் கையை உதறவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. மற்ற எல்லோர்மேலும் அவளுக்கு அருவருப்பு. அந்த ஒரு நிமிடம் மட்டும் தன்மேலேயே.

முப்பதாவது வருடத்துக்குப் புதிதாக ஒரு நினைவு மண்டபம் கட்டினார்கள். விழா அதிகாரி மருத்துவமனைக்கே வந்தார். வெண்ணெய் உருகுகிற குரல்.

"அதே படம், அதே போஸ். ஆனா இந்தத் தடவை உங்க பொண்ணு. எட்டு வயசுன்னு கேள்விப்பட்டேன், ரொம்பப் பொருத்தம். அதே புகைப்பட ஐயாதான் எடுக்கிறார். தலைவர் முன்னாடி திறப்பு."

"முடியாதுங்க."

"ஏம்மா?"

ஏன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்தப் படமே ஜோடனை என்று சொன்னால் 'தூங்கிட்டு இருந்தான்' என்பதும் பொய்யாகிவிடும். அந்த அம்மாள் முப்பது வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கொம்பு அது. அதை ஒடித்தால்தான் தன் பெண்ணை இதிலிருந்து வெளியே இழுக்க முடியும். விழா அதிகாரி அவள் மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொண்டு போனார். அவர்களுக்கு எழுதிக்கொள்ளத்தான் நன்றாக வரும்.

வீட்டிலும் துணை இல்லை. கணவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன், நல்லவன், ஆனால் வெள்ளந்தி. "ஒரு போட்டோ தானே? எடுத்துட்டு வந்துடப்போறா. இதுக்குப் போய் ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?" என்றான். பெண்ணோ தரையில் கால் பாவாமல் திரிந்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் டீச்சர் அறிவித்துவிட்டாராம். கண்ணாடி முன் நின்று, சோப்பு டப்பாவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். தாய் அதைக் கண்டாள். ஓடிப்போய் டப்பாவைப் பிடுங்கினாள்.

"ஏம்மா, நீ மட்டும் நின்னே?"

அவள் டப்பாவைக் கொண்டுபோய்க் குளியலறை மாடத்தில் வைத்தாள்.

விழாவுக்கு முந்தைய நாள் காலை ஒத்திகை. பெண்ணை அவளேதான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. மண்டபத்துக்குள் நுழைந்ததுமே எலுமிச்சை. புதுப் பெயிண்ட் வாடையை அமுக்க அதே சனியனைப் பீய்ச்சி அடித்திருந்தார்கள். நடுவில் இடுப்பளவுப் பீடம். அதன்மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஷூ. பக்கத்தில் பளபளப்பான அட்டையில் அந்தப் பையனின் பெயர். சுவரில் கல்லில் செதுக்கிய பெயர் வரிசை. ஓரத்து மேஜையில் விழாக்குழுக்காரர் ஒருவர் கடையில் வாங்கிய புது கேன்வாஸ் ஷூவுக்குக் காப்பித்தூளும் கறுப்புப் பாலிஷும் பூசி, ஓரங்களை லைட்டரால் கருக்கிக்கொண்டிருந்தார். தள்ளி வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் கருக்கினார்.

அவளுக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது.

"கண்ணு, இங்க கொஞ்சம் வா."

அந்த அம்மாள். அறுபத்தைந்து வயதிலும் நிமிர்ந்து நடப்பாள். கையில் துணிப்பை. மண்டபத்தில் வைக்க இறந்தவர்களின் பொருட்கள் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மடக்கு நாற்காலிகள் அடுக்கிய பக்கத்து அறைக்கு அவளைக் கூட்டிப்போய்ப் பையை நீட்டினாள். "அவனோடது. உள்ள குடுக்குறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை பாரு."

பைக்குள் வெள்ளை ஷூ. கை தன் வழக்கப்படி புரட்டியது. அடிப்பாகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு மண் துகள் இல்லை. ஒரு நாள்கூட யாரும் போட்டு நடக்காத ஷூ. பையில் இன்னொன்றும் இருந்தது. எடுத்தாள். ஒன்று வலது, ஒன்று இடது.

இடது.

அவள் கதவு வழியே கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். அதற்குள் இருப்பதும் இடது.

"உனக்குப் புரட்டிப் பாக்குற கை. போன வருஷம் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப பார்த்தேன்" என்றாள் அந்த அம்மாள். "என் வாயால ஆரம்பிக்க எனக்குத் துணிச்சல் வரல. அதான் உன் கையில குடுத்தேன்."

"அம்மா, இது..."

"கவர்மெண்ட்டு குடுத்தது அவன் காலுக்கு நுழையவே இல்லை. வயசைக் கேட்டாங்களே தவிர காலை யாரு அளந்தா? பழைய செருப்பைப் போட்டுட்டுதான் போனான். ஷூ கட்டிலுக்கு அடியிலயே கிடந்துச்சு." நாற்காலி அடுக்கைப் பிடித்துக்கொண்டாள். "அடையாளம் இருந்தாதான் செத்தவங்க லிஸ்டுல பேரு. இல்லைன்னா காணாமப் போனவன். எம் பிள்ளை எங்க போனான்னு எனக்குத் தெரியாதா? அவன் காணாமப் போனவனா? அதான் படத்தைப் பார்த்து, முடிச்சு என்னுதுன்னு சொன்னேன். நீ 'தூங்கிட்டு இருந்தான்'னு சொன்னப்பவே பொய்யின்னு தெரியும் எனக்கு. சின்னப் பிள்ளை வாயில பொய்யை வாங்கிட்டுத் தலையைத் தடவிட்டுப் போனவ நான்."

முப்பது வருடமாக யாரைக் காப்பாற்ற வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாளோ, அந்த அம்மாளும் அதே குட்டையில்தான் ஊறியிருக்கிறாள். கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் போய் விழ இடமில்லாமல் நின்றது.

"இன்னும் இருக்கு, கேளு" என்றாள் அந்த அம்மாள். "அன்னைக்குச் செத்தவங்க லிஸ்டுக்குப் பேரு எழுதுற மேஜைகிட்ட வரிசையில நிக்கிறேன். எம் பையன் பேரை எழுதி முடிச்சாச்சு. பின்னாடியே ஒருத்தி வந்தா. அதே படத்தைக் காட்டி, 'இது எம் பொண்ணுது, லேஸ் அவுந்துக்கிட்டே இருக்குன்னு நான்தான் ரெண்டு முடிச்சு போட்டேன்'னா. எழுதுறவன் நிமிர்ந்தே பாக்கல. 'அது பதிவாயிருச்சும்மா, அடுத்தவங்க வாங்க'ன்னான். அவ சண்டை போட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனோ என்னமோ. போடல. 'சரிங்க'ன்னுட்டுப் போயிட்டா. அவ பொண்ணு காணாமப் போனவங்க கணக்குல சேர்ந்துருச்சு. நான் மூணு அடி தள்ளி நின்னுக்கிட்டு இருந்தேன்."

அப்போது மண்டபத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது. வயதாகித் தடித்திருந்தது. வார்த்தை மட்டும் மாறவில்லை.

"முகத்தைத் தூக்கு பாப்பா. அழாதே, அழுதா முகம் கெட்டுப்போயிடும்."

அவள் எப்படி அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது. பெண் விளக்கு வெளிச்சத்தில் கசங்கிய கவுனோடு நின்றிருந்தாள். கசக்கித் தைத்த கவுன். நெஞ்சில் காப்பித்தூள் ஷூ. தாய் அதைப் பிடுங்கி மேஜைமேல் வீசினாள்.

"என்னம்மா இது?" என்றார் புகைப்படக்காரர். மார்பில் மூன்று பதக்கம்.

"நீங்கதானே ஐயா அன்னைக்கு குவியல்ல இருந்து பொறுக்கி எடுத்து என் கையில வச்சீங்க?"

அவர் முகம் சிவந்ததா என்றால் இல்லை. சலிப்பாகத்தான் இருந்தது. "அந்தப் படம் இல்லைன்னா இந்த நாடு உங்களை எல்லாம் நினைச்சே பார்த்திருக்காது. துக்கத்துக்கு ஒரு முகம் வேணும்மா."

"பூட்டுக்கு வேண்டாமா முகம்?" என்றாள்.

பதக்கங்கள் லேசாக ஆடின. அவர் கேமராவின் மூடியைத் தேடினார்.

அதற்குள் அந்த அம்மாள் நடந்து வந்து, போட்டு நடக்காத அந்த ஜோடியைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். "இது எம் பையனோடது. உள்ள இருக்கிறது இல்லை. அட்டையை மாத்துங்க" என்றாள்.

விழா அதிகாரி வேர்த்துப்போனார். முப்பது வருடம் கழித்து யார் கேட்கப்போகிறார்கள், அட்டை அச்சாகிவிட்டது, நாளைக்குத் தலைவர் வருகிறார் என்று அடுக்கினார். அம்மாள் அசையவில்லை. "இதை எடுத்தா, நாளைக்குத் தலைவர் உள்ள நுழையும்போதே வாயைத் திறப்பேன்." சட்டென்று அவர் குரலில் வெண்ணெய் திரும்பி வந்தது. "சரிம்மா, இருக்கட்டும். உங்க இஷ்டம்தான் முக்கியம்." அவ்வளவு சுலபமாக அவர் ஒப்புக்கொண்டதில் புரட்டி அக்காவுக்கு எலுமிச்சை வாசனை அடித்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பெண் அழுதாள். டீச்சரிடம் என்ன சொல்வது, தோழிகள் சிரிப்பார்களே. தாய் அவளை ஒரு கடை வாசல் படியில் உட்கார வைத்து, பூட்டிலிருந்து முடிச்சு வரை எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு வயதுக்கு எது புரியும் எது புரியாது என்று பார்க்கவில்லை. தனக்கு ஏழு வயதில் யாரும் பார்க்கவில்லையே.

"அப்ப நீ பொய் சொன்னியாம்மா?"

"சொன்னேன்."

பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த அக்காவோட அம்மா நாளைக்கு வருவாங்களா?"

"எந்த அக்கா?"

"ஷூவோட அக்கா."

முப்பது வருடமாக அந்த ஷூவுக்குப் பையன்தான் சொந்தக்காரன். முதல்முறையாக யாரோ அதற்கு ஓர் அக்காவைக் கொடுத்தார்கள். தாய் பெண்ணின் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. அவர்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளியிருந்தார்கள். புகைப்படத்துக்கு வேறொரு பெண் குழந்தை கிடைத்துவிட்டது. பீடத்தை எட்டிப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டியும் ஷூக்களும் கண்ணிலேயே படவில்லை. ஆளுயரத்துக்குப் பூவளையங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. வாக்குத் தவறவில்லை, ஜோடி ஷூவை எடுக்கவில்லை, அதன் மேலேயே பூவைக் குவித்துவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவர்கள் பூவில் மறைக்கிறார்கள். தலைவர் வந்து நின்று, அந்தப் பூக்குவியலுக்குத் தலை வணங்கினார்.

அவளுக்குக் குமட்டவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். கை மட்டும் அரித்தது.

பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவழியே நடந்தாள். ஷூ பாப்பாவை எல்லோருக்கும் தெரியும், தடுக்க யோசித்தார்கள். அந்தத் தயக்கம் போதுமாக இருந்தது. அடுக்கின் நடுவில் கையை விட்டு உருவினாள். முதல் வளையம், இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றையும் புரட்டித் தரையில் போட்டாள். அடிப்பக்கத்தில் வைக்கோலும் கம்பியும் அழுகின இலையும். பாதுகாவலர்கள் வந்து தோளைப் பிடிப்பதற்குள் கண்ணாடிப் பெட்டி வெளியே தெரிந்துவிட்டது. உள்ளே ஒன்று, மேலே இரண்டு. ஒரே பெயர் அட்டைக்கு மூன்று ஷூ.

தலைவர் பக்கத்திலிருந்தவரின் காதில் ஏதோ கேட்டார். விழா அதிகாரி சுவரோடு சுவராக நின்றார்.

முதல் வரிசையிலிருந்து அந்த அம்மாள் எழுந்தாள். மைக் இல்லை, ஆனாலும் கேட்டது. "உள்ள இருக்கிறது எம் பையனோடது இல்லை. நான் பொய் சொல்லி வாங்கிட்டேன். அந்த ரெண்டு முடிச்சைப் போட்டவங்க யாராவது இருந்தா வாங்கம்மா. வந்து எடுத்துக்கங்க."

மண்டபத்தில் ஒரு நாற்காலியும் நகரவில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை.

அவளையும் பெண்ணையும் பக்கவாட்டுக் கதவு வழியே வெளியே கொண்டுவந்து விட்டார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஏம்மா அந்த அக்காவோட அம்மா வரல? செத்துட்டாங்களா?"

"தெரியலம்மா."

"அப்புறம் ஏன் வரல?"

"செத்தவங்க லிஸ்டுல பேரு இருக்கிறவங்க வீட்டுக்குத்தான் அழைப்பு அனுப்பினாங்க" என்றாள் அவள். "அவங்களை யாரும் கூப்பிடல."